கோட் வந்தால் சென்சார்தான் போச்சா?

கேள்வி, 2024 ஜூன் 15

டீசல் கார், 2021 மாடல், பிஎஸ்6, 68,000 கிலோமீட்டர் ஓடியிருக்கிறது. செக் லைட் எரிகிறது. ஸ்கேனர் போட்டதில் பி0546 என்று கோளாறுக் கோட். சைலன்சர் டெம்பரேச்சர் சென்சார் போய்விட்டது, மாற்ற 9,200 ரூபாய் ஆகும் என்கிறார்கள். ஸ்கேனரே பெயர் சொல்லிவிட்ட பிறகு இன்னும் சோதிக்க என்ன இருக்கிறது? மாற்றிவிட வேண்டியதுதானே? இன்னொன்று, கோடில் 'ஹை' என்று வருகிறது. சைலன்சர் ரொம்பச் சூடாகிறது என்று பயப்பட வேண்டுமா?

2024 ஜூன் 15, இரவு 9.50

மாற்றாதீர்கள். நாளைக் காலை வரைக்குமாவது பொறுங்கள்.

இரண்டு தடவை மாற்றிக் கையைச் சுட்டுக்கொண்டவன் சொல்கிறேன். 2023 மார்ச்சில் ஆழியாறு செக்போஸ்ட் தாண்டி வால்பாறை ஏறிக்கொண்டிருந்தேன். அந்தப் பாதையில் 40 கொண்டை ஊசி வளைவுகள். ஒன்பதாவதில், எல்லாரும் இறங்கி அணையைப் பார்த்து செல்ஃபி எடுக்கிற இடத்தில், செக் லைட் வந்தது. ஆக்ஸிலரேட்டரை மிதித்தால் வண்டி கேட்கவில்லை. மிச்சமிருந்த 31 வளைவையும் இரண்டாவது கியரிலேயே ஏறினேன், பின்னால் ஒரு பஸ் ஹாரனை விடாமல் அடித்துக்கொண்டே வந்தது. ஊருக்குத் திரும்பியதும் மெக்கானிக் ஸ்கேனர் போட்டுப் பார்த்தார். உங்களுக்கு வந்த அதே பி0546. "சென்சார் போச்சுங்ணா." 7,400 ரூபாய். ஐந்து வாரம் நன்றாக ஓடியது. அப்புறம் அதே லைட், அதே கோட். மட்டமான சாமானை என் தலையில் கட்டிவிட்டாய் என்று அவரிடம் சண்டை போட்டுவிட்டு, வேறு கடையில் இன்னொன்று வாங்கி மாட்டினேன். அது இரண்டு மாதம் தாங்கியது.

மூன்றாவது வாங்கக் கிளம்பும்போதுதான் புத்தி வந்து மல்டிமீட்டரை எடுத்தேன். கழற்றிப் போட்ட பழைய சென்சார் நன்றாக இருந்தது. வண்டியில் இருந்த புது சென்சாரும் நன்றாக இருந்தது. கோளாறு அவை போய்ச் சொருகுகிற கப்ளரில்.

பி0546 என்றால் 'சென்சார் 1-இன் சர்க்யூட்டில் வோல்டேஜ் அளவுக்கு மேல் இருக்கிறது' என்பதுதான் அர்த்தம். அந்தச் சர்க்யூட்டில் சென்சார் இருக்கிறது, இரண்டு வயர் இருக்கிறது, கப்ளர் இருக்கிறது, இன்ஜினை நடத்தும் கம்ப்யூட்டரான இசியு-வில் வயர் போய்ச் சேருகிற முனை இருக்கிறது. ஸ்கேனர் சொல்வது தெருப் பெயர் மட்டும். வீட்டை நாம்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

'ஹை' என்றால் சூடு அதிகம் என்று பயப்பட வேண்டாம். வயர் எங்கேயாவது அறுந்தால் வோல்டேஜ் 5-க்குப் போய் நின்றுகொள்ளும், அதைத்தான் ஹை என்கிறது. இசியு அதை −40 டிகிரி என்று எடுத்துக்கொள்ளும், ஸ்கேனரில் −40 தெரிந்தால் எங்கேயோ அறுந்திருக்கிறது.

2024 ஜூன் 15, இரவு 11.20

தூக்கம் வரவில்லை, எண்களையும் எழுதிவிடுகிறேன்.

என் வண்டியில் இருப்பது பிளாட்டினம் வகை. பிடி 200 என்பார்கள். உள்ளே மெல்லிய பிளாட்டினம் படலம். 0 டிகிரியில் அதன் மின்தடை 200 ஓம். சூடு ஏற ஏற ஓமும் ஏறும், தொடக்கத்தில் டிகிரிக்கு முக்கால் ஓம் வாக்கில். 25 டிகிரியில் கிட்டத்தட்ட 219. கொதிக்கிற தண்ணீரில் 277. 400 டிகிரியில் 490-ஐத் தாண்டும், 600 டிகிரியில் 620-க்கு மேல். இசியு 5 வோல்ட்டை உள்ளே இருக்கிற ஒரு ரெசிஸ்டர் வழியாக அனுப்புகிறது. பல வண்டிகளில் அது 1 கிலோ ஓம். அப்படியானால் குளிர்ந்த சென்சாரில் 0.9 வோல்ட் நிற்கும். அவ்வளவுதான் சங்கதி, இதில் மாய மந்திரம் ஒன்றும் இல்லை.

மல்டிமீட்டரின் இரண்டு முனையையும் முதலில் ஒன்றோடொன்று தொட்டுப் பாருங்கள். என்னுடையது 0.6 காட்டும். அதைக் கழித்துக்கொள்ள வேண்டும்.

2024 ஜூன் 16, காலை 6.30

இப்போது நான் சொல்வதைச் செய்ய ஸ்பேனர்கூட வேண்டாம்.

வண்டியை ராத்திரி முழுக்க நிறுத்தி வையுங்கள். வெயில் வருவதற்கு முன், ஸ்டார்ட் செய்யாமல், சாவியை ஆன் நிலையில் மட்டும் வைத்துவிட்டு ஸ்கேனரில் லைவ் டேட்டாவை, அதாவது ஒவ்வொரு சென்சாரும் அந்த நொடியில் காட்டுகிற எண்ணைப் பாருங்கள். எல்லா சைலன்சர் சென்சாரும், கூலன்ட் சூடும், உள்ளே இழுக்கும் காற்றின் சூடும் ஒரே ஊரில்தான் ராத்திரி தூங்கியிருக்கின்றன. எல்லாம் கிட்டத்தட்ட ஒரே எண்ணைக் காட்ட வேண்டும். ஐந்தாறு டிகிரி முன்பின் இருக்கலாம். ஒன்று மட்டும் விலகி நின்றால் அதுதான் ஆள்.

2023 ஜூலையில் ஒரு நாள் காலை 5.40-க்கு நான் எழுதி வைத்தது, நோட்டுப் புத்தகத்தில் இன்னும் இருக்கிறது. கூலன்ட் 24. காற்று 24. சென்சார் 2: 25. சென்சார் 3: 24. சென்சார் 1: 61.

ராத்திரி பெய்த மழையில் நனைந்து நிற்கிற வண்டியின் சைலன்சர் 61 டிகிரி. கையை வைத்துப் பார்த்தேன், ஐஸ் மாதிரி இருந்தது.

அந்த 61-ஐ ஓமாக மாற்றினால் 247. கப்ளரைக் கழற்றிச் சென்சார் பக்கம் அளந்தேன், 218.5 வந்தது. 24 டிகிரிக்கு அதுதான் சரியான எண். அப்படியானால் நடுவில் 28 ஓம் எங்கிருந்தோ வந்து உட்கார்ந்திருக்கிறது. சென்சாருக்கும் இசியு-வுக்கும் நடுவில் வயரும் கப்ளரும்தான் இருக்கின்றன. கப்ளருக்குள் டார்ச் அடித்தேன். ஒரு டெர்மினல் முழுக்கக் களிம்பு, கோயில் குத்துவிளக்கின் அடியில் இருக்குமே, அந்தப் பச்சை.

28 ஓம் என்பது சும்மா நிற்கிற வண்டியில். ஓடும்போது வண்டி ஆட, அந்தப் பாழாய்ப்போன தொடர்பு ஒரு நொடி முழுசாக விட்டுப்போகும். அந்த ஒரு நொடிக்குத்தான் பி0546. புது சென்சார் மாட்டினதும் ஐந்து வாரம் நன்றாக ஓடியது ஏன் என்பதும் அப்போதுதான் விளங்கியது. கழற்றிச் சொருகியதில் களிம்பு கொஞ்சம் உரசித் தேய்ந்திருக்கிறது. 7,400 ரூபாய்க்கு நான் வாங்கியது அந்த ஒரு உரசல்.

2024 ஜூன் 16, காலை 10.05

நேற்று ராத்திரி எழுதியதில் ஒரு தப்பு. ஒருவர் சுட்டிக்காட்டிவிட்டார், அவர் சொன்னது சரி.

வயர் அறுந்தால் −40 காட்டும் என்றேன். அது சூடு ஏற ஏற ஓம் இறங்கும் என்டிசி வகைக்கு. பிளாட்டினம் வகையில் நேர்மாறு: அறுந்தால் ஓம் எல்லையில்லாமல் போகும், இசியு அதைப் பயங்கரச் சூடு என்று படிக்கும். வோல்டேஜ் இரண்டிலும் 5-க்குத்தான் போகும், கோடும் இரண்டிலும் 'ஹை' என்றுதான் வரும். ஆனால் ஒன்றில் எண் பாதாளத்துக்குப் போகிறது, இன்னொன்றில் ஆகாசத்துக்கு. இரண்டு வயரும் ஒன்றோடொன்று உரசி ஷார்ட் ஆனால் பி0545, 'லோ'. அதிலும் இதே தலைகீழ்.

என் வண்டியிலேயே 900-க்கு மேல் காட்டியதை நேரில் பார்த்தவன் நான். ராத்திரி 10 மணிக்கு எதற்கு எழுதுகிறேன் என்று தெரியவில்லை. அந்த 900 கதை: இன்ஜினை ஸ்டார்ட் பண்ணி ஐடிலிங்கில் விட்டு, பையனிடம் டேப்லெட்டைக் கொடுத்து, சென்சார் 1 எண் மாறினால் சத்தம் போடு என்று சொல்லிவிட்டு வயரைக் கொஞ்சம் கொஞ்சமாக ஆட்டிக்கொண்டே போனேன். ஃபயர்வால் பக்கம் ஒன்றும் இல்லை. கிளிப் பக்கம் ஒன்றும் இல்லை. கப்ளரை விரலால் தொட்டதும் "அப்பா, தொள்ளாயிரத்துச் சொச்சம்!" என்று கத்தினான். கையை எடுத்தேன். "நூத்தி எழுபது." தொட்டேன். "தொள்ளாயிரம்!" அவனுக்கு அது விளையாட்டாகிவிட்டது, நாலு தடவை செய்யச் சொன்னான்.

இன்னொரு தொந்தரவு: சில வண்டிகளில் கோட் விழுந்த பிறகு இசியு நிஜ எண்ணைக் காட்டாது, தானே ஒரு கற்பனை எண்ணைப் போட்டுக்கொள்ளும். எதைச் செய்தாலும் எண் அசையாமல் நின்றால் சந்தேகப்படுங்கள். கோடை அழித்துவிட்டு மறுபடி பாருங்கள்.

2024 ஜூன் 17

சென்சார் 1 எது?

இன்ஜின் பக்கமிருந்து புகை போகிற திசையில் எண்ணிக்கொண்டே வர வேண்டும். சில வண்டிகளில் முதலாவது டர்போவுக்கு முன்னாலேயே இருக்கும், சிலவற்றில் டர்போ தாண்டி. அடுத்தது புகையில் வரும் கரியைப் பிடிக்கிற வடிகட்டியான டிபிஎஃப்-க்கு முன், அப்புறம் அதற்குப் பின். பி0544, 0545, 0546 மூன்றும் சென்சார் 1. பி2031 முதல் 2033 வரை சென்சார் 2. பி242-ஏ, சி, டி எல்லாம் சென்சார் 3.

எண்ணுவதில் சந்தேகமா? சாவி ஆன் நிலையில் ஒரு கப்ளரைக் கழற்றுங்கள். எந்த எண் பாய்கிறதோ அதுதான் அது. ஒரு கோட் விழும், விழட்டும், அழித்துக்கொள்ளலாம். இதைச் செய்யாமல் டிபிஎஃப்-க்குப் பின்னால் இருந்த நல்ல சென்சாரைக் கழற்றி உடைத்தவர் எனக்குத் தெரிந்தவர். யார் என்று கேட்காதீர்கள்.

2024 ஜூன் 17, மாலை

சரி, நான்தான்.

2024 ஜூன் 19

பெயர் தெரியாத அந்த 28 ஓமைப் பிடிக்க நான் செய்த இன்னொரு வேலை. எலக்ட்ரானிக்ஸ் கடையில் 220 ஓம் ரெசிஸ்டர் ஒன்று ஒரு ரூபாய்க்கு வாங்கி, சென்சாருக்குப் பதிலாக வயர் பக்கக் கப்ளரில் சொருகினேன். 220 ஓம் என்றால் பிளாட்டினம் கணக்கில் சுமார் 26 டிகிரி. வயரில் கோளாறு இல்லையென்றால் ஸ்கேனரில் 26 வர வேண்டும். வந்தது 63. சென்சார் இல்லாமலேயே கோளாறு இருந்தது என்றால் சென்சார் நிரபராதி. இதைவிடத் தெளிவான சாட்சி வேண்டாம்.

மூன்று எச்சரிக்கை. வாங்கும் ரெசிஸ்டர் தங்கக் கோடு போட்டது என்றால் 5 சதவீதம் முன்பின் இருக்கும். அது 12 டிகிரியும் காட்டலாம், 40-ம் காட்டலாம். மல்டிமீட்டரில் அளந்துவிட்டுச் சொருகுங்கள், அல்லது 1 சதவீத வகையைக் கேட்டு வாங்குங்கள். 470 ஓம் ஒன்றும் கூடவே வாங்கிக்கொண்டால் 365 டிகிரி பக்கமும் சரிபார்த்துவிடலாம். அப்புறம், ரெசிஸ்டரின் கால் தடிமனாக இருந்தால் திணிக்காதீர்கள். டெர்மினல் விரிந்துவிட்டால் இதுவரை இல்லாத லூஸ் கான்டாக்ட்டை நீங்களே உண்டாக்கியிருப்பீர்கள்.

2024 ஜூன் 20

"அப்போ அந்த ஒரு ரூபாய் ரெசிஸ்டரையே போட்டுவிட்டு ஓட்டலாமே" என்று கேட்டிருப்பவருக்கு: வேண்டாம்.

2020 ஏப்ரல் 1-இல் பிஎஸ்6 வந்த பிறகு டீசல் கார்களில் சைலன்சர் வெறும் குழாய் இல்லை. டிபிஎஃப் கரியைப் பிடித்து வைக்கிறது. அது நிறைந்ததும் இசியு கூடுதலாக டீசலை விட்டு 550, 600 டிகிரிக்கு மேல் சூடேற்றி அந்தக் கரியை எரிக்கிறது. எவ்வளவு விடலாம், எப்போது நிறுத்தலாம் என்று அதற்குச் சொல்வது இந்தச் சென்சார்கள்தான். எப்போதும் 26 டிகிரி என்று பொய் சொல்கிற ரெசிஸ்டரை மாட்டினால், இன்னும் சூடாகவில்லையே என்று நினைத்து டீசலை ஊற்றிக்கொண்டே போனால் என்ன ஆகும்? சென்சார் 8,000. டிபிஎஃப் விலையை நீங்களே விசாரித்துக்கொள்ளுங்கள், உட்கார்ந்துகொண்டு விசாரியுங்கள். நல்லவேளையாக, இன்ஜின் ஓடியும் ஏறாத எண்ணைப் பல இசியு-க்கள் கண்டுபிடித்து வேறொரு கோடைப் போட்டுவிடும்.

கோளாறோடு அப்படியே ஓட்டுவதும் நல்லதில்லை. இந்தச் சென்சார் சரியில்லை என்றால் பெரும்பாலான வண்டிகள் கரி எரிக்கும் வேலையையே நிறுத்திவிடும். நான் இரண்டாவது சென்சாருக்கும் மல்டிமீட்டருக்கும் நடுவில் மூன்று வாரம் லைட்டோடு ஓட்டினேன். கடைசியில் டிபிஎஃப் விளக்கும் சேர்ந்துகொண்டது. வொர்க்‌ஷாப்பில் ஸ்கேனரில் கட்டாயப்படுத்தி எரிக்க வைத்து, ஆயிலையும் மாற்ற வேண்டியதாயிற்று. டிப்ஸ்டிக்கில் ஆயில் மட்டம் ஏறியிருந்தது, மோந்து பார்த்தால் டீசல் வாசனை. கரி எரிப்பு பாதியில் நின்றுபோகிற ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் டீசல் கீழே வழிந்திருக்கிறது.

2024 ஜூன் 23, ஞாயிறு

கொதிதண்ணீர்ச் சோதனை பற்றிக் கேட்டிருந்தார்கள்.

என்னிடம் கழற்றிய சென்சார்கள் சேர்ந்துவிட்டன அல்லவா, 2023-இல் அதையும் செய்து பார்த்தேன். பழைய அலுமினியப் பால் கிண்ணத்தில் தண்ணீர் கொதிக்க வைத்து, சென்சாரின் முனை மட்டும் மூழ்குகிற மாதிரி ஒரு கரண்டிக் காம்பில் கட்டித் தொங்கவிட்டேன். முனை கிண்ணத்தைத் தொடக் கூடாது. 219-இல் இருந்த எண் 230, 248, 261 என்று ஏறி 276-இல் நின்றது. பொள்ளாச்சியில் தண்ணீர் 99 டிகிரியில் கொதித்துவிடும், கணக்கு சரி. இதே சோதனையை வால்பாறையில் செய்தால் 96-தான், 274 வரும், சென்சார் கெட்டுவிட்டது என்று முடிவு கட்டிவிடாதீர்கள்.

தண்ணீர் மேல் கரி மிதந்தது. அம்மா எட்டிப் பார்த்தார். "ஏங்கண்ணு, காருக்குக் கஷாயம் வெக்கறயா? அந்தக் கிண்ணத்தை இனி அடுப்புல வெக்காத." வைக்கவில்லை.

இதில் ஒரு ஓட்டை இருக்கிறது, அப்போது எனக்குத் தோன்றவில்லை. 100 டிகிரியில் பாஸ் ஆனது 600 டிகிரியிலும் பாஸ் ஆகும் என்று யார் சொன்னது? உள்ளே மயிரிழை விரிசல் இருந்தால் குளிரில் ஒட்டிக்கொண்டு, சூட்டில் விலகும். ஆகவே தண்ணீருக்கு அப்புறம் முனையை மட்டும் கேஸ் நெருப்பில் காட்டுங்கள், வயரும் கப்ளரும் நெருப்பிலிருந்து தள்ளியே இருக்கட்டும். எண் சீராக ஏறிக்கொண்டே போக வேண்டும். நடுவில் ஒரு குதியல், ஒரு 'ஓவர்லோடு' வந்தால் அந்தச் சென்சார் குப்பைக்கு. சூடான முனையைத் தண்ணீரில் தோய்க்காதீர்கள், இரும்பு அடிக்கிற பட்டறை இல்லை இது.

2024 ஜூன் 23, இரவு

யாழ்ப்பாணத்திலிருந்து ஒருவர் எழுதியிருக்கிறார்: "மீட்டர் ஓம் எண்டால் ஓம்தான், பிறகென்ன சந்தேகம்?" இந்த இழையிலேயே சிறந்த வரி இதுதான்.

2024 ஜூலை 2

பிளாட்டினம் கணக்கையே எல்லாருக்கும் சொல்லிக்கொண்டு போய்விட்டேன். ஜப்பானியத் தயாரிப்புச் சென்சார் வைத்திருப்பவர் ஒருவர், மல்டிமீட்டரை 2,000 ஓம் ரேஞ்சில் வைத்து அளந்து, வெறும் '1' காட்டுகிறது, செத்துவிட்டது என்று புதுசும் வாங்கிவிட்டார். புதுசிலும் அதே '1'. அது என்டிசி. குளிர்ந்திருக்கும்போது கிலோ ஓம் கணக்கில், சிலவற்றில் லட்சக்கணக்கான ஓமில் இருக்கும். ரேஞ்சை ஏற்றி, முனையை டீ டம்ளரில் வைத்தால் எண் மடமடவென்று இறங்கும். இறங்கினால் உயிர் இருக்கிறது.

மூன்றாவது வகையும் உண்டு. வயரின் நடுவில் சின்னப் பெட்டி மாதிரி ஒன்று இருந்தால் அது தெர்மோகப்பிள், உள்ளேயே எலக்ட்ரானிக்ஸ். அதை ஓமில் அளந்து ஒன்றும் தெரியாது. அதற்குக் காலை நேர ஒப்பீடு ஒன்றுதான் வழி.

எந்த வகை என்று தெரியாமல் என்னுடைய 219-ஐ நம்பாதீர்கள். அதே வண்டியில் இன்னொரு சென்சாரையும் அளந்து பாருங்கள். பெரும்பாலும் ஒரே வகையாகத்தான் இருக்கும், அண்ணன் தம்பி மாதிரி ஒத்துப்போகும்.

2024 ஜூலை 5

எலி பற்றிப் பத்துப் பேர் எழுதிவிட்டீர்கள். ஆமாம், மழைக்காலத்தில் முதலில் பார்க்க வேண்டியது எலி கடித்த வயரைத்தான், கப்ளருக்கு முன்னாலேயே. புகையிலை வைத்தால் வராது என்று சொன்னார்கள். பானெட்டுக்குள் கட்டித் தொங்கவிட்டேன். எலி வந்ததா தெரியாது, மாமனார் இரண்டு தடவை வந்துவிட்டுப் போனார்.

2024 ஜூலை 14

கேள்வி கேட்டவர் திரும்பி வந்து எழுதியிருக்கிறார். காலை ஒப்பீட்டில் மற்ற மூன்றும் 27, இவருடைய சென்சார் 1 உச்சத்தில் நின்றிருக்கிறது. கப்ளரில் 220 ஓம் ரெசிஸ்டர் சொருகினால் 27 காட்டுகிறது. சென்சாரை அளந்தால் மீட்டரில் ஒன்றுமே இல்லை. அதாவது வயர் நல்லது, கப்ளர் நல்லது, சென்சார்தான் செத்திருக்கிறது.

சரி. 9,200 ரூபாய். ஒரு மாதமாக நான் கத்தியதெல்லாம் வீண் என்று அவர் சொல்லவில்லை, நல்ல மனிதர். ஆனால் இப்போது அவர் தெரிந்து மாற்றுகிறார்.

கழற்றும்போது கவனம். பெரும்பாலும் எம்14 மரைதான், ஆனால் மூன்று வருடச் சூட்டில் நட் இறுகிப்போயிருக்கும். துரு இளக்கும் ஸ்ப்ரேயை முந்தின ராத்திரியே அடித்து ஊற விடுங்கள். இன்ஜினைக் கொஞ்சம் வெதுவெதுப்பாக்கிக்கொண்டு, பக்கத்தில் வெட்டு விட்ட சாக்கெட்டால் கழற்றுங்கள். ஓபன் ஸ்பேனர் போட்டால் மூலை மழுங்கிவிடும். முக்கியம்: நட்டோடு சேர்ந்து சென்சாரின் குழாயும் சுற்றுகிறதா என்று பாருங்கள். சுற்றினால் நிறுத்துங்கள், இன்னும் ஸ்ப்ரே அடியுங்கள். நான் நிறுத்தவில்லை. கம்பு முறிந்து பாதி உள்ளே நின்றது. சைலன்சர் துண்டைக் கழற்றி லேத் கடைக்குத் தூக்கிக்கொண்டு போய், துளை போட்டு, மரை மறுபடி வெட்டி வாங்க ஒரு நாள் போனது. புதுசின் மரையில் மட்டும் சூடு தாங்கும் கிரீஸ் தடவுங்கள், முனையில் படவே கூடாது.

2024 ஆகஸ்ட் 4

இன்னொரு விஷயம் மனதில் உறுத்திக்கொண்டே இருக்கிறது. இதுவரை எழுதியதெல்லாம் எண் பொய் என்று வைத்துக்கொண்டு எழுதியது. எண் நிஜமாக இருந்தால்?

வாடகைக்கு ஓட்டுகிற நண்பர் ஒருவர். அவருக்கு சென்சார் 2 சாதாரண ஓட்டத்திலேயே ரொம்ப அதிகம் காட்டிக்கொண்டிருந்தது. மூன்று சென்சார் மாற்றினார். என்னிடம் வந்தபோது நான் பெருமையாகக் காலை ஒப்பீட்டைச் செய்தேன். எல்லாம் 26, கச்சிதம். கப்ளரும் கண்ணாடி மாதிரி. ரெசிஸ்டரும் சரியான எண். எனக்கு ஓட்டம் நின்றுவிட்டது. கடைசியில் ஒரு பழைய பம்ப் மெக்கானிக்தான் இன்ஜெக்டர்களின் ரிட்டர்னை, அதாவது அவற்றிலிருந்து திரும்பி வருகிற டீசலின் அளவைப் பார்க்கச் சொன்னார். பார்த்ததில் ஒரு இன்ஜெக்டர் சரியில்லை, கழற்றிச் சோதித்தால் நுனியில் ஒழுகிக்கொண்டிருந்தது. எரியாத டீசல் புகையோடு போய் டிபிஎஃப்-க்கு முன்னால் இருக்கிற கேட்டலிஸ்ட்டில் எரிந்திருக்கிறது. அதன் சூட்டைத்தான் சென்சார் 2 உண்மையாகச் சொல்லிக்கொண்டிருந்தது. மூன்று சென்சாரும் ஒரே கதையைச் சொன்னபோதே நாங்கள் நம்பியிருக்க வேண்டும்.

சர்க்யூட் ஹை, சர்க்யூட் லோ என்றால் வயரிங் வேலை. 'ரேஞ்ச்' பற்றிய கோட், அதாவது எண் எதிர்பார்த்த அளவில் இல்லை என்கிற பி2080, பி2084 மாதிரி, வந்தால் மின்சாரத்தை மட்டும் பார்த்துக்கொண்டிருக்காதீர்கள்.

2024 அக்டோபர் 11, ஆயுத பூஜை

இதை எழுதலாமா வேண்டாமா என்று மத்தியானத்திலிருந்து யோசித்தேன்.

களிம்பு பிடித்த அந்தக் கப்ளரில் தண்ணீர் எப்படிப் போனது என்று நான் இங்கே எழுதவே இல்லை. உள்ளே ஒரு ரப்பர் வளையம் இருக்க வேண்டும், என்னுடையதில் இல்லை. கம்பெனியில் மாட்டாமலே அனுப்பிவிட்டார்கள் என்று முடிவு கட்டி, கேட்கிறவர்களிடமெல்லாம் திட்டித் தீர்த்திருக்கிறேன்.

இன்றைக்குப் பூஜைக்காக டூல் பாக்ஸைக் கவிழ்த்துத் துடைத்தேன். 10-ஆம் நம்பர் ஸ்பேனருக்கு அடியில், தூசியில் ஒட்டிக்கொண்டு, சுண்டு விரல் மோதிரம் அளவுக்கு ஒரு ஆரஞ்சு வளையம். எடுத்துக் கப்ளரில் வைத்துப் பார்த்தேன். அளவெடுத்துத் தைத்த மாதிரி உட்கார்ந்தது.

2022 நவம்பரில் மழைக்கு முன் நல்லது செய்வதாக நினைத்து எல்லாக் கப்ளரையும் கழற்றி கான்டாக்ட் கிளீனர் அடித்தவன் நான். அடுத்த வாரமே வாட்டர் சர்வீஸுக்கு விட்டவனும் நான்.

மெக்கானிக்கிடம் பொரியும் சுண்டலும் கொண்டுபோய்க் கொடுத்து விஷயத்தைச் சொன்னேன். அவர் கொஞ்ச நேரம் வளையத்தையே பார்த்தார். "அந்த ரெண்டாவது சென்சாரை வேற கடையில வாங்கினீங்களே, அதுக்காச்சும் சந்தோஷம்ங்ணா" என்றார்.

2024 நவம்பர் 24

நேற்று ராத்திரி முழுக்க மழை. இன்று காலை 5.50. கூலன்ட் 21, காற்று 21. சென்சார்கள் 21, 22, 21. வால்பாறை கிளம்புகிறேன். பால் கிண்ணம் டிக்கியில் இருக்கிறது, அம்மா வீட்டுக்குள் விடவில்லை.